சங்குச் சத்தம் படத்தில் தெரியாது

நம் இல்லத்து உதவி மேசையில் புதிதாக உட்காரப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, மேப்பில் எப்படிச் சீக்கிரமாகத் தேடுவது என்பதுதான். அதை என்னோடு மேசையில் இருக்கிற யாஸ்மின் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். நான் பத்தாவதோடு நின்றவள். மவுஸைப் பிடித்த முதல் வாரம் மாதாவைக் கூப்பிடாமல் ஒரு தெருவைக்கூடத் திறந்ததில்லை. ஆகவே அந்த வித்தை என்னிடம் கிடையாது. தேடுகிற நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், அப்போது எதைச் செய்யக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். வழி தவறி, புத்தி தடுமாறி, யாராவது கொண்டுவந்து விடுகிற பெண்களிடம் பேசி, அவர்கள் வீடு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அவர்களுக்கு விலாசம் வராது. தெருமுனைக் குழாய் வரும், எதிர் வீட்டு நாய் வரும், ஒரு கதவின் நிறம் வரும். மேப்பில் ஒரு தெருவைத் தொட்டால் அதற்குள்ளேயே நிற்பதுபோல் படம் திறக்கிறதே, அது வந்த பிறகு நமக்குப் பாதி பாரம் குறைந்தது. பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரைக்கும் நாற்காலியை விட்டு எழாமல் எத்தனையோ தெருவில் நடந்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் படத்தை நம்பி ஒரு அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அவர் அடையாளம் காட்டிய வீடு இருந்த இடத்தில் வெறும் தகரத் தடுப்பைப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறோம். வீட்டை இடித்து வெகு நாளாகியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அந்த அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டாம். அன்றிலிருந்து படத்தில் கடைப் பலகை தெரிந்தால் அதில் போன் நம்பர் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் எங்களுக்கு வந்தது.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு நாள் காலை, பூசை முடிந்து நான் மேசைக்கு வந்த கொஞ்ச நேரத்தில், ராயபுரம் ஸ்டேஷனில் பூ விற்கிறவள் ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். காலில் செருப்பு இல்லை.

"எண்ணூர் பக்கத்துலேர்ந்து வந்த வண்டில எறங்குச்சிக்கா. பெஞ்சில ஒக்காந்தது ஒக்காந்ததுதான். தண்ணி போட்டுகினு கீதோன்னு மோந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல. கேட்டா முழிக்குது" என்றாள் பூக்காரி.

பெயர் கேட்டேன். அவள் என் வாயையே பார்த்தாள். நாக்கின் ஓரம் கடிபட்டு ரத்தம் காய்ந்திருந்தது. கையில் போன் இல்லை, பை இல்லை. முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தால் ஒற்றைச் சாவி.

யாஸ்மின் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தவள், அவள் ரவிக்கையைப் பார்த்துவிட்டு, "மேரிக்கா, மேல தண்ணி கொட்டிகிச்சு போல. துணி மாத்தி வுடலாமா?" என்றாள்.

நான் மூன்று பெற்றவள். "அது தண்ணி இல்லடி. பால்" என்றேன்.

யாஸ்மின் கையிலிருந்த டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள்.

"வூட்ல மாமியாரு, நாத்தனாரு யாராச்சும் பாத்துகினு இருப்பாங்கக்கா" என்றாள், தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வது மாதிரி. நான் சாவியைக் காட்டினேன். வீட்டில் ஆள் இருந்தால் எதற்குப் பூட்டிக்கொண்டு வரவேண்டும்?

நம் இல்லத்து நர்ஸ் வந்து பார்த்தாள். "ஃபிட்ஸ் வந்திருக்கு. இப்பதான் தெளிஞ்சுக்கிட்டு வருது. படுக்க விடுங்க. கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணாதீங்க, ஞாபகம் தானா வரும்."

"எப்ப வரும்?"

"அதை யாரு சொல்ல முடியும்? இப்பவே வரலாம். சாயங்காலமும் ஆகலாம்."

நர்ஸ் சொன்னது அந்தப் பெண்ணுக்கு நல்லதுதான். ஆனால் எங்கோ பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு பச்சைக் குழந்தை இருக்கலாம். அதற்காகப் பேச அந்த அறையில் யாரும் இல்லை. இரண்டு உயிரில் ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிகிறபோது, தெரிகிற உயிருக்கு மட்டும் நல்லது செய்யத் தோன்றும். அதில்தான் எச்சரிக்கை வேண்டும். நர்ஸை அவள் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். "உடம்பு ஏதாவது மாறினா சொல்லு, நிறுத்திடறேன்" என்றேன். போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொன்னோம். திருவொற்றியூர்ப் பக்கம் ரோந்தில் இருந்த ஒரு ஏட்டம்மாவின் நம்பரைக் கொடுத்தார்கள். அப்புறம் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தோம்.

"வூடு எப்படிம்மா இருக்கும்?" என்று யாஸ்மின் கேட்டாள்.

"நீலக் கதவு" என்றாள் அந்தப் பெண்.

"பக்கத்துல என்ன கீது?"

"சங்கு ஊதும்."

எனக்கும் யாஸ்மினுக்கும் உயிர் வந்தது. சங்கு என்றால் எங்களுக்குக் கம்பெனிச் சங்குதான். ஷிப்டு மாறும்போது ஊதுமே, அது. என் அப்பா காலத்தில் எங்கள் தெருவில் சோறு வடிப்பதே அந்தச் சத்தத்தை வைத்துத்தான். அவள் வந்த வண்டியும் அந்தப் பக்கத்து வண்டி. "விம்கோ நகர் பக்கம் பாருடி" என்றேன். யாஸ்மின் படத்தைத் திறந்தாள். கம்பெனிச் சுவர் ஓரமாகத் தெருத் தெருவாகப் போனோம். ஒரு நீலக் கதவு வந்தது.

"இதுவாம்மா?"

"ஆமாக்கா."

ஏட்டம்மாவுக்குச் சொன்னோம். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நாங்கள் காத்திருந்தோம். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன், ஆனால் வாயில் ஒரு மணிக்குரிய ஜெபம்கூட முழுதாக வரவில்லை. ஏட்டம்மா கூப்பிட்டார். "அம்மா, இங்க ஒரு தாத்தா இருக்காரு. தனியாத்தான் இருக்காராம். கொழந்தையெல்லாம் இல்லம்மா."

இன்னொரு தெரு. இன்னொரு நீலக் கதவு. "இதுவா?" "ஆமாக்கா."

அந்த இரண்டாவது 'ஆமா' எனக்கு உறுத்தியது. முதலாவது மாதிரியே, ஒரே சுருதியில் இருந்தது. நான் யாஸ்மினிடம் காதோடு, "எங்க தெருவைத் திற" என்றேன். ராயபுரத்தில் என் வீட்டு வாசல் வந்தது. கேட் மஞ்சள் நிறம். மேலே நான் வைத்த மாதா கெபி, உள்ளே மாதா சிலை.

"இதுவாம்மா உன் வீடு?"

"ஆமாக்கா."

யாஸ்மின் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். "அல்லாவே! இன்னாக்கா இது, எதக் காட்னாலும் ஆமாங்குது!"

பிள்ளைகளே, அவள் பொய் சொல்லவில்லை. பயந்து போயிருக்கிறவர்கள் நம் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். நாம் எதை ஆசைப்படுகிறோமோ அதைக் கொடுத்துவிட்டு நம் கோபத்திலிருந்து தப்பிக்கப் பார்ப்பார்கள். அந்த ஆமாவை நம்பி நாம் இன்னும் பத்துக் கதவைத் தட்டியிருப்போம். 'இதுவா' என்ற கேள்வியை இந்த மேசையில் கேட்காதீர்கள்.

ரவிக்கை மறுபடியும் நனைந்திருந்தது. எங்கோ குழந்தைக்குப் பசி நேரம் வந்து, தாண்டியும் விட்டது என்று அர்த்தம். எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "ஆண்டவரே, எனக்குப் புத்தி இல்லை, நீர் கொடும்" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். திரையை அவள் பார்க்காதபடி திருப்பி வைக்கச் சொன்னேன்.

"சங்கு ஊதும்னு சொன்னியேம்மா. ஊதினா நீ என்ன செய்வ?"

அவள் செய்து காட்டினாள். மடியில் ஒரு குழந்தை கிடப்பதுபோல் குனிந்து, இரண்டு உள்ளங்கையாலும் அதன் காதைப் பொத்தினாள்.

"சத்தம் ஜாஸ்தியா?"

இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் கழுத்திலிருந்த தாலிக் கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கம்பெனிச் சங்குக்கு எந்தப் பெண் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் மாதா கோயில் மணி அடிக்கும். யாஸ்மின் தெருவில் பள்ளிவாசல் மைக்கில் சொல்வார்கள். எங்கள் இரண்டு பேர் வீட்டுச் சாவிலும் சங்கு கிடையாது. அதனால் எங்கள் காதில் அந்தச் சொல் நேராகக் கம்பெனிக்குள் போய்விட்டது. இந்தப் பெண் சொன்னது சேகண்டியோடு சேர்த்து ஊதுகிற சாவுச் சங்கு.

குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "உங்க தெரு வழியாத்தான் எடுத்துக்கிட்டுப் போவாங்களாம்மா?"

அவள் உடைந்து அழுதாள். வந்ததிலிருந்து முதல் அழுகை. "பச்சப் புள்ளைய வச்சிக்கிட்டு அந்த எடத்துப் பேரச் சொல்லக் கூடாதுக்கா. வாடகை கம்மின்னு அவரு புடிச்சிட்டாரு. நாங்க வந்து கொஞ்ச நாளுதான் ஆச்சு" என்றாள். அவர் எங்கே என்று கேட்டேன். வேலைக்கு என்றாள். எங்கே வேலை என்பது வரவில்லை. குழந்தை எங்கே என்று கேட்டேன். "தூங்குது. மருந்துக் கடைக்கு வந்தேன்" என்றாள். இப்போதும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது, தான் மருந்துக் கடையில்தான் நிற்கிறோம் என்று அவளுக்கு எண்ணம். நடுவில் ஃபிட்ஸ் வந்ததோ, ரயிலேறியதோ அவளுக்கே தெரியாது.

"யாஸ்மின், அந்த லைன்ல இருக்கிற சுடுகாட்டையெல்லாம் எடு" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது நானே அவள் காதைப் பொத்தினேன்.

திரையை மறுபடி அவள் பக்கம் திருப்பினோம், ஆனால் இந்த முறை வீட்டைக் காட்டவில்லை. ஒவ்வொரு சுடுகாட்டுக்கும் கிட்டத்தில் இருக்கிற ரயில் ஸ்டேஷன் வாசலைக் காட்டி, "இங்கேர்ந்து வீட்டுக்குப் போம்மா" என்று மட்டும் சொன்னேன். முதல் ஸ்டேஷனில் அவள் கை மடியிலேயே கிடந்தது. யாஸ்மின் அடுத்ததைத் திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண்ணின் இடது கை எழுந்து இடப் பக்கம் காட்டியது. முகத்தில் ஒன்றும் இல்லை, கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. யாஸ்மின் இடப் பக்கம் போனாள். ஒரு டீக்கடை, ஒரு லாரி வரிசை, ஒரு முனை. மறுபடியும் கை. அப்புறம் ஒரு சந்தின் வாயில் படம் நின்றுவிட்டது. படம் எடுக்கிற கார் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது, அவ்வளவு குறுகல். யாஸ்மின் எத்தனை தடவை அழுத்தியும் உள்ளே போகவில்லை. அந்தப் பெண்ணின் கையோ நேராக உள்ளே, உள்ளே என்று காட்டிக்கொண்டே இருந்தது.

ஏட்டம்மாவுக்கு இடத்தைச் சொன்னோம். "அம்மா, நான் ரயில்வே கேட்டாண்ட மாட்டிக்கினேன். கூட்ஸ் வண்டி போய்க்கினே இருக்கு. தொறந்ததும் பறந்து வர்றேன்" என்றார்.

"மேரிக்கா, போர்டு!" என்றாள் யாஸ்மின்.

சந்து முனையில் ஒரு கடை. வாசலில் மூங்கில் சாய்த்து வைத்திருந்தது. பலகையில் இறுதி ஊர்வலப் பொருட்கள் என்று எழுதி, கீழே இரண்டு போன் நம்பர். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள். பின்னால் பறைச் சத்தம்.

"சொல்லும்மா. யாரு வூட்ல? எப்ப ஆச்சு?"

"ஐயா, நான் ராயபுரத்துலேர்ந்து..."

"ராயபுரம்னா வண்டி வாடகை கொஞ்சம் ஏறும்மா. ஐஸ் பொட்டி வேணுமா? ஆளு இன்னா ஒயரம்?"

"நைனா, உயிரோட இருக்கிற கொழந்தைக்காகக் கூப்புடறேன்!" என்று கத்திவிட்டேன். பறை மட்டும் கேட்டது. அப்புறம் அவர், "டேய், நிறுத்துங்கடா கொஞ்சம்" என்று யாரையோ அதட்டினார். "இப்ப சொல்லும்மா."

சொன்னேன். நீலக் கதவு, புதிதாகக் குடி வந்த பெண், கைக்குழந்தை.

"ஆமாம்மா, கீது. அந்தப் பொண்ணு எங்கள கண்டா பொசுக்குனு உள்ள போயிடும். அந்த வூடா? இரு, போறேன்." செருப்புச் சத்தம். "வெளிய பூட்டு தொங்குதும்மா."

"உள்ள சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல."

நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். முறை அதுதான். தப்பு வீடாக இருந்தால் நாளைக்கு என் தலையில் விடியும். ஆனால் அந்த 'ஒண்ணும் கேக்கல' என்ற சொல்லுக்கு அப்புறம் முறை பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. "ஒடச்சிரு நைனா. யாரு கேட்டாலும் என் பேரச் சொல்லு" என்றேன்.

"உன் பேரு இன்னா?" என்றார். அதைச் சொல்லவே இல்லை நான். சொன்னேன். இரண்டு அடி கேட்டது. மூன்றாவதில் தகரம் சுவரில் மோதிய சத்தம்.

"கீதும்மா. தூளில கீது." பிறகு, "மூச்சு கீதும்மா. வாயி காஞ்சி போய் கெடக்குது. அழுது அழுது ஓஞ்சிட்சி போல." அவர் தூக்கியிருக்க வேண்டும். போனில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. காகிதத்தைக் கிழிப்பதுபோல் ஒரு கம்மல். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். என் எதிரில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"சக்கரத் தண்ணி குடுக்கட்டா?"

"வேணாம், வேணாம் நைனா. அதுக்குத் தாய்ப்பால் தவிர ஒண்ணும் பழக்கம் இருக்காது. அம்மாவை இப்பவே வண்டில ஏத்தறேன்."

"நீ வர்ற வரைக்கும் தாங்குமா இது?" என்றார். யாரோ ஒரு பெண்ணின் குரல் அவரிடம் ஏதோ சொன்னது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "யம்மா, இன்னிக்கு இந்தச் சந்துலயே ஒரு சாவு. செத்தவரோட பொண்ணு இங்க நிக்குது. கைக்கொழந்தக்காரி. பால் குடுக்கறேங்குது. ஆனா அப்பன் பொணம் இன்னும் வாசல்ல கீது, இந்தப் பொண்ணு குளிக்கக்கூட இல்ல. பச்சப் புள்ளைய தொடலாமான்னு பயந்துகினு நிக்குது. பெத்தவ ஒரு வார்த்த சொல்லட்டும்னு கேக்குது."

எனக்கு அதில் தீட்டு கிடையாது. 'குடு' என்று நானே சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சங்குச் சத்தம்கூடத் தன் பிள்ளை காதில் விழக் கூடாது என்று பொத்தியவள் எதிரில் நிற்கிறாள். அவள் பிள்ளை. அவள் பயம். என் நம்பிக்கையை வைத்து அவள் பயத்தைத் தாண்டிப் போக எனக்கு உரிமை இல்லை. அதே சமயம் அந்தக் கம்மல் ஒவ்வொரு மூச்சுக்கும் சின்னதாகிக்கொண்டு வந்தது. அவள் இன்னும் தெளியாமல் எதற்கும் ஆமாம் சொல்கிறவளாகவே இருந்தால் நான் கேட்பதில் அர்த்தமும் இல்லை. இருந்தாலும் கேட்டேன். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்கவில்லை.

"உன் கொழந்தைக்குப் பசிம்மா. பால் குடுக்க ஒருத்தி நிக்கிறா. சாவு வீட்டுக்காரி. அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அவள் போனைப் பார்த்தாள். ஒரு கை தாலிக் கயிற்றுக்குப் போனது. பாதி வழியில் நின்று, கீழே இறங்கியது.

"அவங்கள உள்ள வந்து ஒக்காந்து குடுக்கச் சொல்லுங்கக்கா. எங்க வீட்டுக்குள்ளயே."

சொன்னேன். கொலுசுச் சத்தம், புடவைச் சரசரப்பு. குழந்தை ஒரு முறை வீறிட்டது. உடனே அழுகை அறுந்து நின்றது. யாஸ்மின் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் எழுந்துவிட்டாள். "நைனா! நைனா!" என்று நான் கூப்பிட்டேன்.

"கத்தாதம்மா" என்றார் அவர், மெதுவாக. "குடிக்குது. வுடாம குடிக்குது."

நர்ஸும் யாஸ்மினும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் மட்டும் உட்காரவில்லை. முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, மேசைமேல் குனிந்து, போனுக்குக் கிட்டத்தில் வாயை வைத்துப் பேசினாள். தடுமாற்றமே இல்லை.

"அக்கா, குடிச்சதும் தோள்ல போட்டு முதுகத் தட்டுங்க. இல்லேன்னா அவ கக்கிடுவா."